ஆடிக் கூழோடு கிளினிக் கார்டையும் கேளுங்கள்: கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், தென்னாப்பிரிக்கா, ஜூலை 2021 இறுதி வாரம்

குவாசூலு-நட்டால் மாகாணத்து மாரியம்மன் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கங்கள், வேத சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஜூலை 26 முதல் கொரோனா கட்டுப்பாடுகள் மூன்றாம் நிலைக்குத் தளர்த்தப்பட்டு, உள்ளரங்கில் 50 பேரும் திறந்த வெளியில் 100 பேரும் கூடலாம் என்று அரசு அறிவித்திருப்பதால், இந்த ஆடி முடிவதற்குள் கூழ் ஊற்றும் பூசையை எளிய முறையிலேனும் நடத்திவிட வேண்டும் என்று உங்களில் பலர் ஏற்பாடு செய்துவருவதை அறிவேன். சென்ற ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கமிலும் இசிப்பிங்கோவிலும் அம்மன் திருவிழா நடத்த முடியாமல் போனபோது எத்தனை வீடுகளில் கண் கலங்கினார்கள் என்பதையும் நான் பார்த்தவள். ஆகவே பூசையை நடத்தாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கூழ் வாங்க வருகிற ஒவ்வொரு தாயிடமும், பாட்டியான ஒவ்வொரு ஆயாவிடமும், "வீட்டுக் குழந்தைக்கு ஊசிகள் எல்லாம் போட்டாகிவிட்டதா? கிளினிக் கார்டைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று நீங்கள் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அவற்றில் பெரும்பகுதியைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையிலேயே கழித்தேன். இப்போதும் அண்டை வீட்டார் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். அப்படி வந்தவர்களின் கிளினிக் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது கண்டதே என்னை எழுத வைத்தது. சென்ற ஆண்டு மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை பிறந்த குழந்தைகளின் கார்டுகளில், பிறந்த அன்று போட்ட, காசநோயைத் தடுக்கும் பிசிஜி ஊசியும் போலியோ சொட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பின் வரும் கட்டங்கள் பலவற்றில் வெறுமையாக இருக்கின்றன. ஆறாவது வாரத்தில் கையெழுத்து இருக்கிறது, பத்தாவது வாரத்தில் இல்லை, பதினான்காவது வாரம் ஐந்து மாதம் கழித்துப் பதிவாகியிருக்கிறது, ஆறாம் மாதத் தட்டம்மை ஊசி போடப்படவே இல்லை. இந்தத் தாய்மார்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். வெளியே போகாதே என்று நாடே சொன்னது, அவர்கள் போகவில்லை.

ஒரு பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏப்ரல் மாதத்தில் பத்து வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் பகுதிக் கிளினிக்குக்கு நடந்தே போயிருக்கிறாள். வாசலில் நின்ற காவலர், உடம்பு முடியாதவர்களைத்தான் உள்ளே விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் காவலருக்கு யார் அப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. வழக்கமான தடுப்பூசிகளை நிறுத்தக் கூடாது என்பதுதான் பெருந்தொற்றின் தொடக்கத்திலேயே உலகச் சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். கூட்டம் கூட்டி நடத்தும் பெருந்திரள் முகாம்களை மட்டுமே தற்காலிகமாக ஒத்திவைக்கச் சொன்னார்கள். ஆனால் மேலிடத்தில் எழுதியது வாசல் வரை வந்து சேரவில்லை. அந்தத் தாய் மறுபடியும் போகவில்லை. ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்ட தாயை மீண்டும் வரவழைப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இது என் தெருவின் கதை மட்டுமன்று. நம் மாகாணத்தின் வடபகுதியில் 11 கிராமப்புறக் கிளினிக்குகளின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், ஊரடங்கு தொடங்கியதும் குழந்தைகளின் வருகை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்ததையும், மூன்று மாதங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியதையும் கண்டார்கள். திரும்பிவிட்டதே, பிறகென்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். வருகை பழைய நிலைக்குத் திரும்பியது என்றால் அன்றன்றைக்கு உரிய குழந்தைகள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். விடுபட்ட குழந்தைகளும் சேர்ந்து வந்திருந்தால் எண்ணிக்கை பழைய அளவைத் தாண்டி உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை என்றால் விடுபட்டவர்கள் விடுபட்டபடியே வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளைத் தவறவிட்டார்கள் என்றும், இது முந்திய ஆண்டைவிட 37 லட்சம் அதிகம் என்றும் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இம்மாதம் 15ஆம் தேதி அறிவித்தன. கலவரத்தில் நம் சாலைகள் மறிக்கப்பட்டு, கடைகள் எரிந்துகொண்டிருந்த அதே வாரம் அது. அந்தச் செய்தியை டர்பனில் யார் படித்திருக்க முடியும்?

தடுப்பூசிக்கு நாள் குறித்திருப்பது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் "அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இதில்தான் விடை இருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் தேய்ந்துபோகும். அது தேயும் காலத்தை ஒட்டித்தான் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, போலியோ, ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சி, ஹிப் என்னும் கிருமித் தொற்று ஆகிய ஆறு நோய்களையும் ஒரே ஊசியில் தடுக்கும் மருந்தை வைத்திருக்கிறார்கள். கக்குவான் இருமல் பெரியவர்களுக்குத் தொல்லை. இரண்டு மாதக் குழந்தைக்கு அது மூச்சை நிறுத்திவிடும் நோய். கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இன்னும் கண்டிப்பானது. ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் கொடுக்க வேண்டிய அந்த மருந்தை, 24 வாரங்களைக் கடந்த குழந்தைக்கு நம் நாட்டில் கொடுப்பதில்லை. அந்த வாய்ப்பு போனால் போனதுதான். மற்ற ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இந்த ஒரு செய்தி தெரியாததாலேயே, "இவ்வளவு நாள் விட்டுவிட்டோம், சிஸ்டர் திட்டுவார்கள்" என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார்கள் பலர். சிஸ்டர் திட்டக் கூடாது என்பதையும் இங்கே என் பழைய சகாக்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தட்டம்மையைப் பற்றி உங்களிடம் பேசுவதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணம் உண்டு. நீங்கள் காத்துவரும் கோயில்கள் அம்மையின் கோயில்கள். 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் தகரக் கூரை போட்டு முதலில் எழுப்பிய கோயில்கள் பலவும் மாரியம்மனுக்கே எழுந்தன. பிள்ளைகளை அம்மை கொண்டுபோகாமல் காக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுதல். என் ஆயா காலத்தில், உடம்பில் தடிப்பு கண்டால் "அம்மா வந்திருக்கிறாள்" என்று சொல்லி, வேப்பிலை எளிதில் கிடைக்காத இந்த மண்ணில் வேம்பைப் போன்ற சிரிங்கா மரத்தின் இலையை வாசலில் செருகி, மஞ்சள் நீர் தெளித்து, வெளியாரை உள்ளே விடாமல், குழந்தையை அமைதியாகக் கிடத்துவார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று இன்று நாம் கற்றுக்கொண்டதை அவர்கள் பக்தியாகவே கடைப்பிடித்தார்கள். அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பெரியம்மையை இந்த உலகத்திலிருந்தே ஒழித்தது தடுப்பூசி. 1980 மே மாதம் 8ஆம் தேதி உலகச் சுகாதார மன்றம் அதை அறிவித்தது. அம்மனிடம் நம் முன்னோர் கேட்டது அந்த ஊசியின் வழியாகவே வந்து சேர்ந்தது என்று நம்புகிறவள் நான்.

தட்டம்மை ஒழியவில்லை. தடுப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேர் வரைக்கும் அதைப் பரப்பிவிடுவார். நூற்றுக்கு 95 குழந்தைகள் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டிருந்தால்தான் அது பரவ இடமின்றிப் போகும். 2009 முதல் 2011 வரை தென்னாப்பிரிக்காவில் அது பரவியபோது, ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்டவர்கள் மட்டும் 18,000க்கும் அதிகம். தடிப்பு மறைந்ததும் நோய் போய்விட்டது என்று எண்ணுகிறோம். நுரையீரல் அழற்சியும், வயிற்றுப்போக்கும், கண்பார்வை இழப்பும், மூளைக் காய்ச்சலும் அதன் பின்னால் வரக்கூடியவை. குழந்தையின் உடல் முன்பு பழகி வைத்திருந்த எதிர்ப்புச் சக்தியையே அது அழித்துவிடுகிறது என்பதை 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஊசி போடாத குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மைக்குப் பின் காணாமல் போயிருந்தன. நான் பயிற்சி பெற்ற நாட்களில் குழந்தைகள் பிரிவில் தட்டம்மைக்கென்றே ஓர் அறை இருந்தது. அந்த அறையின் வாசனையும், திரைச்சீலை எப்போதும் மூடியே இருந்ததும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. பிற்காலத்தில் நோயாளிகள் இல்லாமல் அந்த அறையைச் சாமான்கள் வைக்கப் பயன்படுத்தினோம். மீண்டும் அதைத் திறக்க நேரக் கூடாது.

ஆயாக்களுக்கு இந்த ஊசி ஒன்பதாம் மாதத்தில் என்ற நினைவு இருக்கிறது. அது பழைய அட்டவணை. இப்போது முதல் தவணை ஆறாம் மாதத்தில், இரண்டாம் தவணை பன்னிரண்டாம் மாதத்தில். "இன்னும் நாள் இருக்கிறது" என்று அன்போடு தவறான யோசனை சொல்லும் பாட்டிமார்களை நான் பல முறை சந்தித்திருக்கிறேன்; கோயிலில் இதை ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொன்னாலே போதும்.

பெரிய பிள்ளைகளும் விடுபட்டிருக்கிறார்கள். ஆறு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊக்க ஊசி உண்டு. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. தொண்டை அடைப்பான் என்பது பாடப்புத்தக நோய் என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், 2015இல் நம் குவாசூலு-நட்டாலிலேயே அது தலைகாட்டி உயிர்களையும் கொண்டுபோனது. பிறகு பள்ளிகளில் ஓடி ஓடி ஊசி போட்டோம். 2014 முதல் நான்காம் வகுப்பில் படிக்கும், ஒன்பது வயது நிறைந்த பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி பள்ளியிலேயே இரண்டு தவணையாகப் போடப்பட்டுவந்தது. சென்ற ஆண்டு பள்ளிகள் மாதக்கணக்கில் மூடியிருந்தன. அன்று நான்காம் வகுப்பில் இருந்த நம் பேத்திகளுக்கு இரண்டு தவணையும் கிடைத்தனவா என்று யார் பார்த்தார்கள்? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தும் சங்கங்கள் இதை மிக எளிதாகக் கேட்டறியலாம்.

கொரோனா காலத்தில் கைக்குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது ஆபத்தில்லையா என்று உங்கள் குழுவிலேயே யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்டு டிராபிகல் மெடிசின் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க நாடுகள் அனைத்துக்குமாக இதைக் கணக்கிட்டு 2020 ஜூலையில் வெளியிட்டார்கள். தடுப்பூசிக்காகக் கிளினிக் சென்றதால் தொற்றி ஏற்படக்கூடிய ஒரு கோவிட் மரணத்துக்கு ஈடாக, ஊசியைத் தொடர்வதால் 84 குழந்தைகளின் மரணம் தவிர்க்கப்படும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த ஒரு மரணமும் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவருக்கு நேர்வதாகவே இருக்கும் என்பதையும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது: நம் வீடுகளில் குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போவது ஆயாவின் வேலை. இந்தக் காலத்தில் அந்த வேலையை இளம் தாயோ தகப்பனோ ஏற்கட்டும். ஒருவர் மட்டும், முகக்கவசத்தோடு போகட்டும். வந்ததும் கை கழுவட்டும். ஆயா தன் கொரோனா ஊசியைப் போட்டுக்கொள்ளட்டும்.

ஊசி போதிய அளவில் சென்று சேராத ஊர்களில் என்ன நடந்தது என்பதற்கு நம் கண்டத்திலேயே சான்று இருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் 2018 முதல் 2020 வரை எபோலா பரவி 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2019 தொடங்கி ஓராண்டுக்குள் அதே நாட்டில் தட்டம்மையால் இறந்தவர்கள் 6,000க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அவர்களை அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சங்கோசம் இல்லாமல் எழுதிவிடுகிறேன். நம்மவர்களில் பலர் மருத்துவக் காப்புறுதி வைத்துக்கொண்டு, மருந்துக் கடையில் உள்ள தனியார் செவிலியரிடமோ டாக்டரிடமோ பணம் கொடுத்து ஊசி போட்டுவந்தார்கள். சென்ற ஆண்டு வேலை போனது, காப்புறுதியும் போனது. இம்மாதக் கலவரத்தில் மருந்துக் கடைகள் பலவும் சூறையாடப்பட்டன. அந்தக் குடும்பங்கள் அரசுக் கிளினிக்கின் வரிசையில் நிற்கக் கூச்சப்படுகின்றன. யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுகின்றன. அரசுக் கிளினிக்கில் இந்த அட்டவணையின் ஊசிகள் அனைத்தும் இலவசம். இரண்டு டிகிரி முதல் எட்டு டிகிரி வரையிலான குளிரில் வைத்துக் காக்கப்படும் நல்ல மருந்து அது. நான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கேதான் போட்டேன். ஊரில் மதிப்புள்ள நீங்கள், "என் பேரனுக்கும் அங்கேதான் போடுகிறோம்" என்று மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கூச்சம் பாதி கரைந்துவிடும்.

கொரோனா ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் அச்சங்கள் குழந்தைகளின் ஊசி மீதும் இப்போது படியத் தொடங்கியிருக்கின்றன. போலியோ சொட்டும் தட்டம்மை ஊசியும் நம்மில் பலரின் சொந்தக் கையிலும் வாயிலும் போடப்பட்டவை; நமக்கு அறிமுகமானவை. போலியோத் தடுப்பு மருந்தின் பயனாகத்தான் சென்ற ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, பெருந்தொற்றின் நடுவிலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க மண்டலம் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இல்லாத மண்டலமாகச் சான்றளிக்கப்பட்டது.

இனி உங்களிடம் வேண்டுவது. கூழ் வழங்கும் இடத்துக்கு அருகில், காற்றோட்டமான ஓரத்தில், ஒரு மேசை போடுங்கள். ஓய்வுபெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் நம் சமூகத்தில் ஏராளம். அவர்களில் இருவர் உட்கார்ந்து கார்டுகளைப் பார்த்து, எது விடுபட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். கோயிலில் நீங்களே ஊசி போட வேண்டாம்; மருந்தைக் குளிர் கெடாமல் காப்பதும், ஊசிக்குப் பின் குழந்தையைக் கவனிப்பதும் கிளினிக்கின் பொறுப்பு. ஆனால் உங்கள் மண்டபத்தை நீங்கள் தர முடியும். இருமலோடு வருபவர்களும் ஊசிக்காக வரும் நலமான குழந்தைகளும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார வேண்டியிருப்பதே தாய்மார்களின் பெரிய பயம். வாரத்தில் ஒரு முற்பகல் மட்டும், நலமான குழந்தைகளுக்கென உங்கள் மண்டபத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பக்கத்துக் கிளினிக்கின் பொறுப்புச் செவிலியருக்குக் கோயில் முத்திரைத் தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். மண்டபத்தில் தண்ணீர் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, சுற்றுச்சுவர் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. கல்யாணங்கள் இல்லாமல் அது பூட்டிக் கிடக்கும் காலம் இது. மினிபஸ் டாக்ஸிக் கட்டணம் கொடுக்க முடியாத குடும்பங்கள் இருந்தால் அன்னதான நிதியிலிருந்து ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்க உங்கள் குழு இசையுமானால், அதுவும் அன்னதானத்தின் பாற்பட்டதே என்பது என் எண்ணம். தமிழ் பேசாத அண்டை வீட்டாரின் குழந்தைகளையும், சூலு குடும்பங்களின் குழந்தைகளையும் அந்த மேசைக்கு அழையுங்கள். சுவருக்கு அப்பால் உள்ள குழந்தைக்கு ஊசி விடுபட்டால் நம் குழந்தையும் பாதுகாப்பாக இருக்காது.

சென்ற மாதம் ஒரு குழுவின் செயலாளரிடம் இதைப் பேசினேன். "அக்கா, கொரோனாவைத் தவிர வேறெதற்கும் இப்போது நேரமில்லை" என்றார். அவர் சோர்ந்துபோயிருந்தார், அந்த வாரத்தில் மட்டும் நான்கு இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த நேரமின்மைக்குள்தான் இந்தக் குழந்தைகள் நழுவிப் போகிறார்கள் என்பதால் மறுபடியும், இம்முறை எல்லாருக்குமாக, எழுதுகிறேன்.

ஆடி ஆகஸ்ட் 16ஆம் தேதி முடிகிறது. அதற்குள் எந்தக் கோயிலில் மேசை போட்டாலும், சாட்ஸ்வர்த்தானாலும் பீனிக்ஸானாலும் டொங்காட்டானாலும், எனக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள். முகக்கவசமும் பேனாவும் தடுப்பூசி அட்டவணையின் பிரதிகளும் நான் கொண்டுவருகிறேன். கார்டைத் தொலைத்துவிட்ட தாய்மார்களையும் வரச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த நாளும், ஊசி போட்ட கிளினிக்கும் தெரிந்தால் பதிவேட்டிலிருந்து மீட்டெடுக்க முயலலாம்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
சாட்ஸ்வர்த்